ஏர் டிரில்லைப் பாதுகாப்பாகக் கையாள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்ரசர் காற்றில் ஓடும் கை டிரில்லைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களும், வருடக்கணக்கில் அதோடு பழகியவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. இங்கே பேசுவது உலோகம், மரம், பிளாஸ்டிக்கில் துளை போடும் சாதாரணச் சுழல் டிரில் பற்றி. பாறை உடைக்கும் ஜாக் ஹாமருக்கு வேறு விதிகள் உண்டு.

மின்சாரமே இல்லையே, அப்படியானால் எலெக்ட்ரிக் டிரில்லைவிட இது பாதுகாப்பானதுதானே?

சில விஷயங்களில் ஆமாம். கருவிக்குள் மின்சாரம் ஓடாததால் ஈரமான இடத்தில் கருவியிலிருந்தே ஷாக் அடிக்கும் பயம் இல்லை. சுமை தாங்காமல் நின்றுபோனாலும் மோட்டார் எரியாது. அதே திறனுள்ள எலெக்ட்ரிக் டிரில்லைவிட எடையும் பெரும்பாலும் குறைவு. இந்த நல்ல குணங்களைப் பார்த்துத்தான் "வெறும் காற்றுதானே" என்று பலர் அசந்துவிடுகிறார்கள்.

ஏர் டிரில்லில் நான் அஞ்சுவது மூன்று விஷயங்களுக்கு. பிட் (துளை போடும் முனை) மாட்டிக்கொண்டு டிரில் மணிக்கட்டை முறுக்குவது ஒன்று. சுழலும் சக்கில் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் தலைப்பகுதி) துணியோ முடியோ கையுறையோ சுற்றிக்கொள்வது இன்னொன்று. ஹோஸுக்குள் அடைபட்டிருக்கும் காற்று எதிர்பாராத நேரத்தில் வேலையைக் காட்டுவது மூன்றாவது. இந்தப் பக்கத்தில் உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த மூன்றைத்தான் சுற்றிவரும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஏர் டிரில்லுக்கு மின்காப்பு கிடையாது. சுவருக்குள்ளோ தகட்டுக்குப் பின்னாலோ ஓடும் மின்கம்பியில் பிட் பட்டால், உலோக உடல் வழியாக மின்சாரம் நேராகக் கைக்கு வரும். துளை போடும் இடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் டிரிகரைத் தொடாதீர்கள்.

எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைக்க வேண்டும்?

பெரும்பாலான கை ஏர் டிரில்களுக்கு 90 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 6.2 பார். உங்கள் டிரில்லின் உடலிலோ கையேட்டிலோ வேறு எண் இருந்தால் அதுதான் உங்களுக்கு விதி.

இதில் அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று உண்டு. 90 பிஎஸ்ஐ என்பது டிரில் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதன் வாயில் இருக்க வேண்டிய அழுத்தம். கம்ப்ரசர் டேங்கின் முள் 120 காட்டலாம். ஆனால் நீளமான, ஒல்லியான ஹோஸ் வழியாக வந்து சேரும்போது 70கூட மிஞ்சாமல் போகலாம். டிரில் பலவீனமாக ஓடுகிறதே என்று ரெகுலேட்டரை (அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) திருகி ஏற்றிவிடுவார்கள். பிட் மாட்டி டிரில் திணறி நிற்கும் நேரத்தில் காற்று அதிகம் ஓடாததால் ஹோஸில் இழப்பும் குறைவு; ஏற்றிவைத்த அழுத்தம் ஏறக்குறைய முழுசாக டிரில்லுக்கு வந்து சேரும். அப்போது முறுக்கு கருவி தாங்க வேண்டிய அளவைத் தாண்டும்.

அழுத்தம் விழுந்தால் முதலில் வழியைப் பாருங்கள்: ஹோஸின் உள்விட்டம் போதுமா (சாதாரண கை டிரில்லுக்கு 10 மில்லிமீட்டர் நல்ல அளவு), கப்ளர் (ஹோஸை மாட்டிக் கழற்றும் இணைப்பு) குறுகலாக இருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா. கம்ப்ரசரின் கொள்ளளவும் முக்கியம். 3/8 அங்குல டிரில்லை நிறுத்தாமல் ஓட்டினால் நிமிடத்துக்கு 15 முதல் 25 கன அடி வரை காற்று கேட்கும். சின்ன கம்ப்ரசர் அதற்கு ஈடுகொடுக்காது. விட்டுவிட்டு ஓட்டி, டேங்க் நிரம்பக் காத்திருக்க வேண்டியதுதான்.

டிரிகரை விட்டாலே நின்றுவிடுகிறது. பிட் மாற்ற ஹோஸைக் கழற்றத்தான் வேண்டுமா?

கட்டாயம் கழற்ற வேண்டும். பிட் மாற்றும்போது ஒரு கை சக்கைப் பிடித்திருக்கும், இன்னொரு கை டிரில்லைப் பிடித்திருக்கும். அந்தப் பிடியில் விரல் டிரிகரில் படுவது மிகச் சாதாரணம். மேஜை விளிம்பில் டிரிகர் அழுந்தினாலும் போதும்.

கழற்றுவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் காற்று வரும் வால்வை மூடுங்கள். பிறகு பிட்டை ஆளில்லாத பக்கம் திருப்பி டிரிகரை அழுத்துங்கள். டிரில் ஒரு சுற்று வேகமாகச் சுழன்று, சத்தம் இறங்கி, நின்றுவிடும். கையில் பிடித்திருக்கும் ஹோஸ் விறைப்பு விட்டுத் தளரும். அந்தத் தளர்ச்சி தெரிந்த பிறகுதான் கப்ளரைக் கழற்ற வேண்டும். வால்வை மூடினால் மட்டும் போதாது. 10 மில்லிமீட்டர் உள்விட்டமும் 10 மீட்டர் நீளமும் உள்ள ஹோஸுக்குள் முக்கால் லிட்டருக்கு மேல் இடம் இருக்கிறது. 90 பிஎஸ்ஐயில் அதில் அடைபட்ட காற்று வெளியே வந்தால் சுமார் ஐந்து லிட்டர் ஆகும். டிரில்லைச் சில சுற்று சுற்றவைக்கவும், கழன்ற கப்ளரை முகத்தை நோக்கி வீசவும் அது போதும்.

டிரில் கையை முறுக்குகிறது என்கிறார்களே, அது எப்போது நடக்கும்?

பெரும்பாலும் துளை முடியும் கடைசி நொடியில். பிட்டின் நுனி மறுபக்கம் எட்டிப் பார்க்கும் நேரம் அது. அதுவரை முழு அடிப்பாகமும் உலோகத்தைச் சீவிக்கொண்டிருந்தது. இப்போது நடுவில் உலோகம் இல்லை, ஓரத்தில் மட்டும் மெல்லிய வளையமாக மிஞ்சியிருக்கிறது. நீங்கள் அதே பலத்தோடு தள்ளிக்கொண்டிருப்பதால் பிட் சடாரென்று முன்னே பாய்கிறது. வெட்டும் விளிம்பு அந்த வளையத்தைச் சீவாமல் கொக்கிபோல் கவ்விக்கொள்கிறது. பிட் நின்றுவிடுகிறது, மோட்டார் நிற்கவில்லை. பிட் சுழல முடியாதபோது சுழல்வதற்கு மிச்சம் இருப்பது டிரில்லின் உடலும் உங்கள் மணிக்கட்டும்தான்.

இதை "சட்டென்று டிரிகரை விட்டுவிடுவேன்" என்று நம்பிச் சமாளிக்க முடியாது. 500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 500 சுற்று) மெதுவான வேகம்போலத் தோன்றும். ஆனால் அது நொடிக்கு எட்டுச் சுற்றுக்கு மேல். நம் கை உணர்ந்து விரலைத் தளர்த்தக் கால் நொடி ஆகும் என்று வைத்தால், அதற்குள் இரண்டு சுற்று முடிந்திருக்கும். அதனால் முறுக்கு வரும் முன்பே அதற்குத் தயாராக நிற்க வேண்டும்.

துளை முடியப்போவதைக் காதும் கையும் முன்கூட்டியே சொல்லிவிடும். சத்தம் மாறும், வெளியே வரும் உலோகச் சுருள் மெலியும், மெல்லிய தகடாக இருந்தால் மறுபக்கம் சிறிய மேடு கிளம்பும். அந்த நொடியில் தள்ளுவதை ஏறக்குறைய நிறுத்திவிடுங்கள்; டிரில்லின் எடையே மிச்ச உலோகத்தைச் சீவட்டும். தகட்டுக்குப் பின்னால் ஒரு மரக்கட்டையை இறுக்கி வைத்தால் பிட் பாய்வது பெருமளவு குறையும். மெல்லிய தகட்டில் பெரிய துளை வேண்டுமென்றால் படிப்படியாக அகலமாகும் ஸ்டெப் டிரில் சாதாரண பிட்டைவிட நல்லது.

சைடு ஹேண்டில் தேவையா? இடைஞ்சலாக இருக்கிறது என்று எல்லாரும் கழற்றிவிடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிட் மாட்டும்போது 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிப் பிடி டிரில்லில் உள்ளங்கை சுழல் அச்சிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். அங்கே அதைத் தடுக்க 100 நியூட்டன் வேண்டும். திடீரென்று 10 கிலோ எடை மணிக்கட்டைப் பக்கவாட்டில் இழுப்பதற்குச் சமம். 30 சென்டிமீட்டர் தள்ளி ஒரு சைடு ஹேண்டிலைப் பிடித்தால் மூன்றரை கிலோவுக்கும் குறைவு. அரை அங்குல டிரில்கள் 10 நியூட்டன் மீட்டரைவிடக் கூடுதலாகவே முறுக்கு தரும். ஆகவே அரை அங்குல டிரில்லைச் சைடு ஹேண்டில் இல்லாமல் ஓட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஹேண்டிலைப் பிடிக்கும் பக்கமும் முக்கியம். டிரில் எந்தத் திசையில் திமிறும் என்று யோசித்து, அந்தத் திமிறல் கையை உங்கள் உடலை நோக்கியோ சுவருக்கும் ஹேண்டிலுக்கும் நடுவிலோ நசுக்காதபடி நில்லுங்கள். பிட் வலப்பக்கமாகச் சுழன்றால் உடல் இடப்பக்கமாகத் திமிறும். குறுகலான இடத்தில் விரல் நசுங்குவது இப்படித்தான்.

பிட் மாட்டி நின்றுவிட்டது. டிரிகரை விடுவதும் அழுத்துவதுமாக ஆட்டினால் வந்துவிடாதா?

சில சமயம் வரும். வந்த வேகத்தில் மணிக்கட்டையும் சேர்த்துத் திருப்பிவிட்டு வரும். எலெக்ட்ரிக் டிரில் மாட்டிக்கொண்டால் மோட்டார் எரிந்துவிடுமே என்ற பயத்தில் உடனே கையை எடுப்போம். ஏர் டிரில்லில் அந்தப் பயம் இல்லாததால் அழுத்திக்கொண்டே இருக்கிறோம். டிரிகரை விடுங்கள், ஹோஸைக் கழற்றுங்கள், சக்கைக் கையால் பின்னோக்கித் திருப்பி பிட்டை வெளியே எடுங்கள். ரிவர்ஸ் லீவர் இருந்தால் டிரில் முழுவதும் நின்ற பிறகுதான் அதை மாற்ற வேண்டும். அப்போதும் சைடு ஹேண்டிலை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம்: வேலை நடுவே காற்று நின்றுபோனால் டிரிகரை உடனே விட்டுவிடுங்கள். அழுத்தியபடியே கம்ப்ரசரைப் பார்க்கத் திரும்பினால், காற்று திரும்பி வரும்போது டிரில் தானாகக் கிளம்பிவிடும். டிரிகரை டேப் சுற்றியோ கம்பி கட்டியோ அழுந்திய நிலையில் வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

எந்த பிட்டுக்கு எவ்வளவு வேகம்?

சாதாரண இரும்பில் ஹைஸ்பீட் ஸ்டீல் பிட்டுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் என்று வைத்துக் கணக்கிட்டால், 3 மில்லிமீட்டர் பிட்டுக்குச் சுமார் 2600 ஆர்பிஎம், 6 மில்லிமீட்டருக்கு 1300, 10 மில்லிமீட்டருக்கு 800, 13 மில்லிமீட்டருக்கு 600. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இதில் பாதி.

சின்ன ஏர் டிரில்கள் பல 2000 ஆர்பிஎம்முக்கு மேல் ஓடுபவை. அதில் தண்டு குறைத்த 13 மில்லிமீட்டர் பிட்டை மாட்டுவதோ ஹோல் சா (பெரிய வட்டத் துளை அறுக்கும் ரம்பம்) மாட்டுவதோ ஆபத்தான வேலை. சக்கில் நுழைகிறது என்பதால் அந்த டிரில்லுக்கு அது பொருந்தும் என்று ஆகிவிடாது. பெரிய துளைக்கு மெதுவாக ஓடும் டிரில்லை எடுங்கள். முதலில் சென்டர் பஞ்ச் அடித்து, சின்ன பிட்டால் வழித்துளை போட்டுப் பிறகு பெரிதாக்குங்கள்.

சின்னத் துண்டு இரும்பைக் கையால் பிடித்துக்கொண்டு துளை போடலாமா?

கூடாது. வைஸில் இறுக்குங்கள், அல்லது கிளாம்ப் போடுங்கள். கையில் பிடித்த தகடு பிட்டோடு சேர்ந்து சுழன்றால் அது கத்தி.

கையுறை போட வேண்டுமா, கூடாதா?

இரண்டு பதிலும் சரிதான், எந்த நேரம் என்பதைப் பொறுத்து. தகட்டைத் தூக்கும்போது, சுருள்களை அள்ளும்போது, சூடான பிட்டைத் தொடும்போது போடுங்கள். டிரில் ஓடும்போது தொளதொளவென்ற துணிக் கையுறை, நூல் பிரிந்த கையுறை, ரப்பர் தடவிய கனத்த கையுறை எதுவும் சக்குக்கு அருகே வரக்கூடாது. ஒரு நூல் சுற்றினால் விரல் பின்னாலேயே போகும். துணி கிழிந்து விடுபட நேரம் இருக்காது. முழுக்கைச் சட்டையின் பொத்தானை மாட்டுங்கள் அல்லது கையை முழங்கைக்கு மேல் இறுக்கமாக மடியுங்கள். துண்டு, சங்கிலி, மோதிரம், கைக்கடிகாரம், விரித்த முடி, ஐடி கார்டு கயிறு எல்லாம் கழற்றவோ கட்டவோ வேண்டியவை.

சக் சாவியைப் பற்றி ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள்?

சக்கில் மறந்து விட்ட சாவி, டிரில் கிளம்பியதும் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சாவியைச் சங்கிலி போட்டு டிரில்லோடு கட்டுவதும் தவறு. சங்கிலி சக்கில் சுற்றும். சாவியை ஹோஸின் கப்ளர் பக்கத்தில் கட்டிவையுங்கள். அப்போது சாவியைப் பயன்படுத்தவே கப்ளர் வரைக்கும் போக வேண்டியிருக்கும், போன கையோடு கழற்றியும் விடுவீர்கள்.

இறுக்கும்போது சக்கின் மூன்று ஓட்டைகளிலும் சாவியை வைத்துத் திருகுங்கள். ஒரு ஓட்டையில் மட்டும் இறுக்கினால் பிட் சுமையில் வழுக்கி, தண்டில் கீறல் விழும். அந்தக் கீறல் அடுத்த முறை இன்னும் மோசமாக வழுக்கவைக்கும்.

கண்ணுக்கும் காதுக்கும் என்ன?

கண்ணுக்குப் பக்கவாட்டு மறைப்பு உள்ள பாதுகாப்புக் கண்ணாடி. பவர் கண்ணாடி அதற்கு ஈடாகாது. தலைக்கு மேல் துளை போடுவதானால் முகக்கவசமும் சேர்த்து.

காதை மக்கள் அலட்சியம் செய்கிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். ஏர் டிரில்லின் சத்தத்தில் பெரும்பங்கு கழிவுக்காற்று வெளியேறும் சீற்றம். அமெரிக்கத் தொழில்நலன் ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைக்கும் எல்லை எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அனுமதிக்கும் நேரம் பாதியாகிறது: 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி, 94க்கு ஒரே மணி நேரம். ஏர் கருவிகள் பல இந்த 85 முதல் 94 வரையிலான அளவில்தான், அல்லது இதற்கும் மேலேதான் இருக்கின்றன. பக்கத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் காதுக்குப் பாதுகாப்பு தேவை என்று அர்த்தம். டிரில்லின் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள்.

கை மரத்துப்போகிறது. இது அதிர்வினாலா?

சுத்தியல் இயக்கம் இல்லாத சுழல் டிரில்லில் அதிர்வு பொதுவாகக் குறைவுதான். மழுங்கிய பிட், வளைந்த பிட், தேய்ந்த பேரிங் இருந்தால் கூடும். 2002இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி, எட்டு மணி நேரச் சராசரியாக 2.5 மீட்டர்/நொடி² அதிர்வு வந்தாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5ஐத் தாண்டவே கூடாது என்கிறது. விரிவடையும் காற்று குளிர்ந்துதான் வெளியேறும். கழிவுத் துவாரம் கைப்பக்கம் இருந்தால் விரலும் குளிரும், குளிர் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். விரல் நுனி வெளுத்தோ, மதமதத்தோ, இரவில் ஊசி குத்துவதுபோலவோ இருந்தால் மருத்துவரிடம் கருவியைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் கவனித்தால் நிறுத்தலாம், முற்றினால் திரும்பாது.

வேலை முடிந்ததும் ஹோஸ் காற்றால் தூசியை ஊதிவிடலாமா?

வேண்டாம். சீவல்களைத் தூரிகையால் தள்ளுங்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி, சுத்தம் செய்யப் பயன்படுத்தும் காற்றை 30 பிஎஸ்ஐக்குக் கீழே குறைக்கச் சொல்கிறது. அதுவும் துகள் தெறிப்புக்குத் தடுப்பும் கண்ணாடியும் இருந்தால்தான். சட்டையையோ உடம்பையோ, இன்னொருவரையோ ஒருபோதும் ஊதாதீர்கள். விளையாட்டுக்காகக்கூட வேண்டாம். அழுத்தக்காற்று ஒரு சின்னக் காயம் வழியாகவே தோலுக்கடியில் புகும். ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. ஆசனவாய் வழியாகக் காற்று ஏறினால் குடல் கிழியும். கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பதும் கூடாது; சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும்.

கம்ப்ரசர் இல்லை. சிலிண்டர் காற்றில் ஓட்டலாமா?

ஆக்சிஜன் சிலிண்டரை இணைக்கவே கூடாது. டிரில்லுக்குள் எண்ணெய் இருக்கிறது. அழுத்தமுள்ள ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் வெடிக்கும். எரிவாயு எதுவும் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த, அழுத்தம் குறைத்த காற்று மட்டும்.

பெட்ரோல், தின்னர் ஆவி உள்ள இடத்தில் ஏர் டிரில் ஓட்டலாம் என்கிறார்களே?

மோட்டாரில் தீப்பொறி வராது என்பதால் சொல்கிறார்கள். ஆனால் இரும்பில் உரசும் பிட் சூடாகும், பொறி பறக்கும். ஹோஸில் நிலைமின்சாரம் சேரும். அப்படிப்பட்ட இடத்துக்கென்று சான்றளித்த கருவியும் எழுத்து மூலமான அனுமதியும் இல்லாமல் தொடாதீர்கள்.

எண்ணெய் விடுவதற்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். மோட்டாருக்குள் வழுக்கி ஓடும் தகடுகள் எண்ணெய் இல்லாமல் தேய்ந்தால் டிரில் வலுவிழக்கும். வலுவிழந்தால் நீங்கள் கூடுதலாகத் தள்ளுவீர்கள். கூடுதலாகத் தள்ளினால் துளை முடியும் நொடியில் பிட் பாயும். மழுங்கிய பிட்டும் இதே கதைதான். லூப்ரிகேட்டர் (காற்றோடு எண்ணெய் கலந்து அனுப்பும் கருவி) இல்லாவிட்டால் வேலை தொடங்கும் முன் காற்று நுழையும் வாயில் நான்கைந்து சொட்டு ஏர் டூல் ஆயில் விட்டு, கழிவுத் துவாரத்தை முகத்துக்கு எதிரே வைக்காமல் சில நொடி ஓட்டுங்கள். கனத்த எஞ்சின் ஆயில் வேண்டாம். டேங்கின் அடியில் சேரும் தண்ணீரைத் தினமும் வடியுங்கள்.

ஹோஸையும் அதே நேரத்தில் பாருங்கள். வெடிப்பு, வீக்கம், கப்ளருக்குப் பக்கத்தில் மடிப்பு இருந்தால் மாற்றுங்கள். டேப் சுற்றி ஓட்டாதீர்கள். ஹோஸைப் பிடித்து டிரில்லைத் தூக்குவதோ மேலிருந்து இறக்குவதோ கூடாது. நிலையான காற்றுவழிக்குப் பிவிசி குழாய் போடாதீர்கள். அழுத்தக்காற்றில் அது உடையும்போது சில்லுசில்லாகச் சிதறும்.

விபத்து நடந்துவிட்டால் முதலில் என்ன செய்வது?

காற்றை மூடுங்கள், பிறகு ஆளைப் பாருங்கள். சக்கில் துணியோ முடியோ சுற்றியிருந்தால் டிரில்லை ரிவர்ஸில் ஓட்டி விடுவிக்க முயலாதீர்கள். ஹோஸைக் கழற்றிவிட்டு வெட்டி எடுங்கள். கண்ணில் துகள் குத்தியிருந்தால் தேய்க்கவும் பிடுங்கவும் வேண்டாம். அழுத்தாமல் மூடிக் கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். காற்று தோலுக்குள் புகுந்த காயம் வெளியே ஊசி முனை அளவுதான் தெரியும், வலியும் குறைவாக இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், அழுத்தக்காற்று ஏறியது என்றும் எத்தனை பிஎஸ்ஐ என்றும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.